மஞ்சள் அட்டைச் சுண்டெலிகள்

எலி அறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் நான்கு பேருக்கும் ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொல்லி உங்கள் துறையிலிருந்து கேட்டார்கள். "உங்க சாதனைகளப் பத்தி எழுதுங்க மேடம்" என்றார் போனில் பேசிய பெண். உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். சாதனை அரைப்பக்கத்தில் முடிந்துவிட்டது. அதிலும் பாதி மற்றவர்கள் செய்தது. தப்புகளை எழுதலாம் என்றால் ஒரு குயர் நோட்டு போதாது போலிருந்தது. அதனால் ஒரே ஒரு தப்பை மட்டும் எழுதுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் செய்த தப்பு என்று நினைத்துவிடாதீர்கள். ஐம்பத்திரண்டு வயதில், மூக்குக்கண்ணாடியோடும் இருபத்தைந்து வருட அனுபவத்தோடும் செய்தது. அனுபவம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று உங்களில் யாராவது தைரியமாக இருந்தால், அந்தத் தைரியத்தைக் கொஞ்சம் கலைத்துவிடுவதுதான் என் நோக்கம்.

என் ஊர் குரும்பகரம். வீட்டில் நெல் விவசாயம். சுண்டெலிகளை வைத்து ஆராய்ச்சி செய்யும் வேலை எனக்குக் கிடைத்தபோது, அதை வீட்டில் புரியவைக்க நான் பட்ட பாடு ஆராய்ச்சியைவிடப் பெரியது. "வயல்ல நாங்க எலியப் புடிச்சுக் கொல்றோம். நீ சம்பளம் வாங்கிகிட்டு வளக்கப் போறியா?" என்று அப்பா கேட்டார். கடைசிவரை சொந்தக்காரர்களிடம் அவர் என்னை "காரைக்கால்ல ஆபீஸ் வேலை" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் சொல்லப் போகும் சோதனை ஃபோலிக் அமிலத்தைப் பற்றியது. கீரையிலும் பயறிலும் நிறைய இருக்கும் அந்தச் சத்துதான். கருவில் மூளையும் தண்டுவடமும் முதலில் ஒரு தட்டையான ஏடு மாதிரி இருந்து, பிறகு இரண்டு ஓரமும் மேலெழுந்து சேர்ந்து குழாயாக மூடிக்கொள்ளும். அது சரியாக மூடாவிட்டால் குட்டி தலை திறந்தோ முதுகு திறந்தோ உருவாகும். மனிதக் குழந்தையிலும் இதே கதைதான். வலிப்புக்குக் கொடுக்கும் ஒரு மருந்து சினை எலியின் குட்டிகளுக்கு இந்தக் கோளாறைக் கொண்டுவரும் என்பது பழைய செய்தி. ஃபோலிக் அமிலம் அதை எந்த அளவுக்குத் தடுக்கும் என்பதுதான் எங்கள் கேள்வி.

எலிகளை இரண்டு கூட்டமாகப் பிரித்தோம். எல்லாத் தாய்களுக்கும் அந்த மருந்து உண்டு. ஒரு கூட்டத்துக்கு ஃபோலிக் அமிலம் சேர்த்த தீனி; கூண்டில் பச்சை அட்டை. இன்னொரு கூட்டத்துக்கு அந்தச் சத்தை அறவே நீக்கிய தீனி. கூண்டில் மஞ்சள் அட்டை. குட்டி போடும் நாளுக்குச் சற்று முன்பு தாயை வலியில்லாமல் கொன்று, குட்டிகளை எடுத்துப் பார்ப்போம். எந்தக் கூண்டின் குட்டி என்று பார்க்கிறவருக்குத் தெரியக்கூடாது என்பதால் குட்டிகளுக்கு ரகசிய எண் கொடுத்தோம். அந்த ரகசியத்தை அவ்வளவு பத்திரமாகக் காப்பாற்றினேன். கூண்டின் மேல் கண்ணைப் பறிக்கிற மஞ்சளில் அட்டை தொங்குவதைப் பற்றி மட்டும் நான் யோசிக்கவில்லை. நான் வைத்த அட்டைதான்.

முதல் இரண்டு தொகுதி எலிகளின் கணக்கு வந்தபோது அதை இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். பச்சை அட்டைக் குட்டிகள் நன்றாக இருந்தன. எதிர்பார்த்ததுதான். ஆனால் சத்தே இல்லாத தீனி தின்ற மஞ்சள் அட்டைத் தாய்களின் குட்டிகளும் ஏறக்குறைய அதே அளவுக்கு நன்றாக இருந்தன.

இதற்கு என்ன காரணம் இருக்க முடியும் என்று சாதாரண மனிதர் யாராவது கேட்டிருப்பார். நான் கேட்கவில்லை. ஒரே ராத்திரித் தூக்கத்தில் எனக்கு விடை கிடைத்துவிட்டது. தாயின் உடல் தன் சேமிப்பிலிருந்து எடுத்துக் குட்டிக்குக் கொடுக்கிறது. தனக்கு இல்லாவிட்டாலும் குட்டியைக் காப்பாற்றுகிறது. எவ்வளவு அழகான கருத்து பாருங்கள். அழகாக இருந்ததாலேயே அது உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நீங்கள் சிரிக்கலாம். உங்களுக்கும் ஒருநாள் தோன்றும்.

அடுத்த திங்கட்கிழமை ஒரு நிபுணர் குழு வந்துபோவதாக இருந்தது. எங்கள் வேலையைத் தொடரலாமா வேண்டாமா என்பதை அவர்கள்தான் முடிவு செய்வார்கள். அவர்களிடம் காட்ட என்னிடம் புத்தம்புதிய கண்டுபிடிப்பு இருந்தது. படங்கள் தயார். தலைப்பைப் பெரிய எழுத்தில் அடித்து வைத்திருந்தேன்.

புதன்கிழமை காலை எங்கள் துறைத்தலைவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நல்ல முடிவைப் பார்த்தால் முகம் வாடிப்போகிற மனிதர் அவர். சோதனை சொதப்பிவிட்டது என்று போய் நின்றால், "பரவாயில்ல, உக்காருங்க, காபி சாப்பிடுங்க" என்பார். வெற்றி என்று போய் நின்றால் நிற்கவைத்தே விசாரிப்பார்.

என் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"ரொம்ப நல்லா இருக்குங்க மேடம். அதான் எனக்குப் புடிக்கல."

"ஏன் சார்?"

"மிச்சத் தீனியோட எடை எடுக்கிறோமே, அந்த நோட்டு எங்க?"

கொண்டுவந்து கொடுத்தேன். தினமும் எவ்வளவு தீனி போட்டோம், மறுநாள் எவ்வளவு மிச்சம் இருந்தது என்று எலிகளைப் பராமரிக்கும் அஞ்சுகம் அக்கா தன் முத்து முத்தான கையெழுத்தில் எழுதியிருந்தார். துறைத்தலைவர் விரலை வைத்து ஒரு பத்தியைக் காட்டினார். மஞ்சள் அட்டை எலிகள் தீனியைப் பாதிதான் தின்றிருந்தன. பக்கத்திலேயே அவற்றின் உடல் எடை. ஏறிக்கொண்டே போயிருந்தது.

"இத நீங்க பாக்கலயா?"

பார்த்திருந்தேன். அதுதான் வெட்கக்கேடு. அந்தப் பத்திக்குப் பக்கத்தில் பென்சிலால் என் கையெழுத்தில் ஒரு குறிப்பும் இருந்தது. "தீனி ருசி இல்லாததால் இருக்கலாம்." ருசி இல்லாததைத் தின்னாமலே எடை எப்படி ஏறும் என்று பென்சில் பிடித்த கைக்குத் தோன்றவில்லை.

"கடைசியா எலி ரூமுக்குள்ள எப்பங்க போனீங்க?" என்று கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். கதவுவரை போயிருக்கிறேன். நோட்டை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். விருந்தாளிகள் வந்தால் உள்ளே அழைத்துப்போய் விளக்கியிருக்கிறேன். விருந்தாளி இல்லாமல் தனியாக உள்ளே போய் எலிகளைப் பார்த்து எத்தனை வாரம் ஆகியிருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை. உங்களைப் போல அப்போது நானும் கணினித் திரையில் எலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் வியாழக்கிழமை. சீக்கிரம் கிளம்பியும் பேருந்து கீழவாஞ்சூர் துறைமுகத்துக்குப் போகும் நிலக்கரி லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. நான் எலி அறைக்குள் நுழைந்தபோது மணி எட்டே முக்கால். அறையில் யாரும் இல்லை. பகல் நேரமானதால் எலிகள் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தன. தீனி மூட்டைகளுக்குப் பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் வெளியே வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. கதவு இன்னும் திறக்கவில்லை. மஞ்சள் அட்டைக் கூண்டுகளில் மட்டும் அசைவு தெரிந்தது. ஒவ்வொரு எலியாக எழுந்து, முன்பக்கக் கம்பியில் இரண்டு கையையும் வைத்து நின்றுகொண்டு கதவைப் பார்த்தன. பச்சை அட்டை எலிகள் தம்பாட்டுக்குத் தூங்கின.

 விடை அந்தக் கதவு வழியாகத்தான் வரப்போகிறது என்று தெரிந்துவிட்டது. என்ன விடை என்றுதான் இன்னும் தெரியவில்லை.

அஞ்சுகம் அக்கா கதவைத் திறந்துகொண்டு வந்தார். என்னைவிட மூன்று வயது மூத்தவர். மண்டபத்தூர்க்காரர், கணவர் கடலுக்குப் போகிறவர். எலி அறைக்கு வந்து பதினொரு வருடம் ஆகியிருந்தது. தூண் மறைத்ததால் அவர் என்னைப் பார்க்கவில்லை. பையிலிருந்து ஒரு சின்ன டிபன் டப்பாவை எடுத்துத் திறந்தார். உள்ளே முளைகட்டிய பச்சைப்பயறு. ஓர் ஓரத்தில் முருங்கைக்கீரை, காம்பு நீக்கி ஆய்ந்தது.

"இருங்க, இருங்க. வரிசையா வரேன். யாருக்கும் இல்லன்னு சொல்லல" என்று கூண்டுகளோடு பேசிக்கொண்டே, மஞ்சள் அட்டை ஒவ்வொன்றிலும் நாலு பயறும் ஒரு கொத்துக் கீரையும் போட்டுக்கொண்டு வந்தார். நான்காவது கூண்டில்தான் என்னைப் பார்த்தார்.

ஒளிக்கவில்லை. டப்பாவை மூடவும் இல்லை.

"வாங்க டாக்டரம்மா. சீக்கிரமா வந்துட்டீங்க" என்றார்.

"எத்தன நாளாக்கா இது?"

"மஞ்ச அட்டை வந்ததுலேருந்துங்க. சினையா இருக்கறதுக்கு மட்டுந்தான்."

இப்போது சொல்லும்போது வேடிக்கையாக இருக்கிறது. அப்போது இல்லை. ஆறு மாத வேலை. திங்கட்கிழமை குழு. என் அழகான கருத்து, தாயின் சேமிப்பு, எல்லாம் அந்த டப்பாவில் முளைவிட்டுக் கிடந்தது.

"எதுக்குக்கா இப்படிச் செஞ்சீங்க?" என்றேன். குரல் உயர்ந்துதான் போயிருக்கும்.

அவர் என்னைக் கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்த்தார். "நீங்கதானே சொன்னீங்க."

"நானா?"

"போன மாசம் காலேஜ் புள்ளைங்க வந்தாங்கள்ல. இங்கதான் நின்னுகிட்டு சொன்னீங்க. கீரையில பயறுல இருக்கற சத்து இல்லன்னா குட்டிக்குத் தலை மூடாது, மஞ்ச அட்டைக்கு அந்தச் சத்து கெடையாதுன்னு. அதுக்கு முன்னாடியும் ரெண்டு மூணு தடவ சொல்லியிருக்கீங்க. நான் தரையக் கூட்டிகிட்டுத்தான் இருந்தேன். காது கேக்குமுல்ல."

அவர் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தேன்.

"கொல்லத்தான் போறோம், அது எனக்குத் தெரியுங்க. பதினோரு வருசமாப் பாக்கறேன். ஆனா என்ன சத்து இல்லன்னு தெரிஞ்சிருக்கு, அது எங்கூட்டு வாசல்லயே மரமா நிக்குது. தெரிஞ்சிகிட்டே எப்படிங்க சும்மா பாத்துகிட்டு இருக்கறது?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. எங்கள் நெறிமுறைக் குழுவுக்கு அதை நான்கு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தேன். அந்த நான்கு பக்கத்தின் நகல் எலி அறைக் கதவிலேயே ஒட்டியிருந்தது. ஆங்கிலத்தில். எட்டாவதுவரை தமிழில் படித்த ஒருவர் பதினொரு வருடமாக அந்தக் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

அதைவிட இன்னொன்று உறுத்தியது. அவர் "குட்டிக்குத் தலை மூடாது" என்று சொன்ன விதம். பாடம் கேட்டவர் சொல்வது மாதிரி இல்லை. அவரை ஸ்டூலில் உட்காரச் சொல்லிவிட்டு நான் தீனி மூட்டைமேல் உட்கார்ந்தேன்.

"அக்கா, யாருக்காவது அப்படிப் பாத்திருக்கீங்களா?"

டப்பாவின் மூடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "எம்மவளுக்குத்தான். ரேவதிக்கு. மொதப் புள்ள. தலையில மேல ஒண்ணுமே இல்லாம இருந்துச்சுங்க. பொறந்து அரை மணி நேரம்."

ரேவதியின் பிரசவத்துக்கு அவர் விடுப்பு கேட்டது எனக்கு நினைவிருந்தது. நான்தான் கையெழுத்துப் போட்டேன். திரும்பி வந்தபோது என்ன குழந்தை என்று கேட்டேன். "தங்கலீங்க" என்றார். "அடடா" என்று சொல்லிவிட்டு, அந்த வாரத்து எடை நோட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். தலை மூடாத குட்டிகளைப் பற்றி இருபத்தைந்து வருடமாகப் படிக்கிறவள் நான். என் எலிகளுக்குத் தீனி போடுகிறவர் வீட்டில் நடந்தது எனக்கு இரண்டு வருடம் கழித்துத் தெரிகிறது. அவர் சொல்லவில்லை என்று சொல்லலாம். நான் ஒரு கேள்விக்குமேல் கேட்கவும் இல்லை.

"அவளுக்கு இந்தச் சத்தப் பத்தி யாரும் சொல்லலீங்க" என்றார் அஞ்சுகம் அக்கா. "மாத்திரை குடுத்தாங்க, சாப்புட்டா. நர்ஸம்மா பேர எழுதிகிட்டுப் போயிக் குடுத்தாங்க. ஒரு நாள் விடல."

"எந்த மாசத்துலேருந்துக்கா?"

"மூணாம் மாசம். ஆஸ்பத்திரியில பேரு பதிஞ்ச ஒடனே."

எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சொன்னேன். தலையும் முதுகும் மூடுகிற வேலை முதல் மாதத்திலேயே நடந்து முடிந்துவிடும். தீட்டு தள்ளிப்போய் இரண்டு வாரம் ஆவதற்குள், சந்தேகமா நிஜமா என்று அந்தப் பெண் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, அங்கே எல்லாம் முடிந்திருக்கும். மூன்றாம் மாதம் சாப்பிட்ட மாத்திரை மற்றதற்கெல்லாம் நல்லது. இதற்கு அது பிந்திவிட்டது.

துடைத்த மூடியை டப்பாவில் வைத்து அழுத்தினார். பிறகு, "அப்ப கல்யாணப் பத்திரிகையோட சேத்துல்ல அந்த மாத்திரையக் குடுக்கணும்" என்றார். நான் படித்த எந்தக் கட்டுரையும் அதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

"இப்ப ரேவதி எப்படிக்கா இருக்கா?"

"அடுத்ததுக்குப் பயப்படறா. மாப்ள ஒண்ணும் சொல்லல. அவுங்க வூட்லதான் பேச்சு வருது. கடலம்மா பாத்துக்குவான்னு நாங்களும் சொல்லிகிட்டு இருக்கோம்."

இங்கே உங்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் அலமாரியில் ஃபோலிக் அமிலம் புட்டி புட்டியாக இருந்தது. ஒரு புட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட எனக்குக் கை துறுதுறுத்தது. குற்ற உணர்ச்சி ஏற்பட்டால் மனிதருக்கு உடனே எதையாவது கொடுத்துவிடத் தோன்றும். கொடுக்கவில்லை. எலிக்கு வாங்கிய தூள் மனிதர் மருந்து ஆகாது. நான் எலி டாக்டர். பெண்களுக்கு வைத்தியம் பார்க்கிறவள் இல்லை. முன்பு இப்படி ஒரு குழந்தை பிறந்திருந்தால் அந்தத் தாய்க்கு வேண்டிய அளவே வேறு. அதை மகப்பேறு மருத்துவர் பார்த்துத்தான் எழுத வேண்டும். "சனிக்கிழமை ரேவதியையும் மாப்ளையையும் கூட்டிகிட்டு வாங்க, நானும் வரேன்" என்று மட்டும் சொன்னேன்.

அதன்பிறகு துறைத்தலைவர் அறைக்குப் போனேன். மாடிப்படி ஏறும்போது என் மூளை என்னவெல்லாம் யோசனை சொன்னது என்று உங்களிடம் ஒப்புக்கொள்கிறேன். டிபன் டப்பாவை நான் பார்த்தது வேறு யாருக்கும் தெரியாது. குழு வந்து போகட்டும், பிறகு பார்க்கலாம். அல்லது கீரையும் பயறுமே காப்பாற்றுகிறது என்று தலைப்பை மாற்றிவிடலாம்; கேட்க இன்னும் நன்றாக இருக்கிறது. பதினாறு படி ஏறுவதற்குள் ஓர் ஆராய்ச்சியாளருக்கு இத்தனை வழி தோன்றும்.

நடந்ததைச் சொன்னேன். கடைசியில், கொஞ்சம் ஆசையோடு, கீரைத் தலைப்பையும் சொல்லிப் பார்த்தேன்.

"எந்த எலி எவ்வளவு கீரை தின்னுச்சு?" என்றார் துறைத்தலைவர்.

"தெரியாது சார்."

"பயறு?"

"நாலு நாலாப் போட்டாங்க. சில நாள் அஞ்சு இருக்கலாம்."

"அப்ப அது வூட்டுல சொல்ற செய்திங்க. ஆராய்ச்சி முடிவு இல்ல." பிறகு முகம் மலர்ந்து, "உக்காருங்க, காபி சொல்றேன்" என்றார். உட்கார்ந்தேன்.

வெள்ளிக்கிழமை நிர்வாக அலுவலரிடமிருந்து தாள் வந்தது. அஞ்சுகத்துக்கு மெமோ கொடுக்க வேண்டும். சோதனையைக் கெடுத்த ஊழியரை வேலையில் வைத்திருப்பதா என்று முடிவு செய்ய வேண்டும். சம்பவத்தைப் பற்றி நான் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. ஒரு தப்பு நடந்தால் அதற்கு ஒரு பெயர் வேண்டும் அவருக்கு.

கொடுத்தேன். விளக்கத்தில் நடந்ததை நடந்தபடி எழுதினேன். தீனி மிச்சத்தையும் எடையையும் அந்த ஊழியர் ஒரு நாள்கூட மாற்றி எழுதவில்லை, அவர் எழுதிய எண்களிலேயே எல்லாம் தெரிந்தது, படிக்க வேண்டியவள் படிக்கவில்லை என்று எழுதினேன். வெளித்தீனி போடக்கூடாது என்று அவருக்குப் புரிகிற மொழியில் யாரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியவளும் நானே என்று எழுதினேன். அலுவலர் இரண்டு தடவை படித்துவிட்டு, "அப்ப மெமோ உங்களுக்குத்தான் வரும் மேடம்" என்றார். வந்தது. வீட்டில் ஒரு கோப்பில் இன்னும் வைத்திருக்கிறேன். சான்றிதழ்களோடுதான்.

திங்கட்கிழமை குழுவின் முன்னால் நான் படங்கள் எதுவும் காட்டவில்லை. முடிவு கெட்டுப்போனது, இந்தக் காரணம், மறுபடி செய்ய அனுமதி வேண்டும் என்றேன். டிபன் டப்பா என்ற இடத்தில் ஒருவர் சிரித்துவிட்டார். இன்னொருவர், ஒரு வயதான அம்மா, சிரிக்கவில்லை. "எங்க இடத்துலயும் இப்படி நடந்திருக்கும். எங்களுக்குத்தான் தெரியாமப் போயிருக்கும்" என்றார். அனுமதி கிடைத்தது. பாராட்டு கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் நான் அன்றே அடுத்த தப்பைத் தொடங்கியிருப்பேன்.

மறுபடி தொடங்குவதற்கு முன்னால் அஞ்சுகம் அக்காவோடு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பேசினேன். எதற்காக இந்தச் சோதனை, ஒரு கூட்டத்துக்கு ஏன் சத்து இல்லாமல் வைக்கிறோம், அதனால் யாருக்கு என்ன தெரியவரும் என்று. விருந்தாளிகளிடம் பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயம். அவரிடம் முடியவில்லை. அவர் கேள்வி கேட்டார்.

கடைசியில், "போட்டா எல்லாத்துக்கும் போடணும். இல்லன்னா எதுக்குமே போடக்கூடாது. ஒண்ணுக்குப் போட்டு ஒண்ணுக்குப் போடலன்னா நீங்க பாக்கறது என் கையைத்தான், மருந்த இல்ல. அதானே?" என்றார்.

"அதேதான்க்கா." முதுகலை மாணவர்களுக்கு இதைப் புரியவைக்க எனக்கு ஒரு பருவம் ஆகும்.

"சரிங்க. ஆனா ஒண்ணு. எது சத்து இல்லாததுன்னு எனக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா என் கை சும்மா இருக்காது. அத இப்பவே சொல்லிடறேன்."

இத்தனை படித்த நாங்கள் யாரும் தன்னைப் பற்றி இப்படிச் சொல்லிக்கொண்டதில்லை. மஞ்சள், பச்சை அட்டைகளைக் கழற்றினோம். எல்லாக் கூண்டுக்கும் வெள்ளை அட்டை, வெறும் எண். தீனி இரண்டும் பார்க்க ஒரே மாதிரி. எது எது என்று துறைத்தலைவரின் பூட்டிய மேஜைக்குள் மட்டும் இருந்தது. அக்கா சொன்னதைக் கேட்டபிறகு, எனக்கும் தெரிய வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன்.

முடிவு வந்தது. சத்து இல்லாத கூட்டத்தில் கோளாறு கூடுதலாக இருந்தது. சத்து சேர்த்த கூட்டத்தில் குறைந்திருந்தது, முழுக்கப் போய்விடவில்லை. மற்றவர்கள் ஏற்கெனவே சொல்லியிருந்ததற்குப் பக்கத்தில்தான் இருந்தது. புதுமை ஒன்றும் இல்லை. துறைத்தலைவருக்கு மிகவும் பிடித்துப்போனது.

அந்த முதல் சனிக்கிழமை ரேவதியும் அவள் கணவரும் வந்தார்கள். மகப்பேறு மருத்துவர் எனக்குத் தெரிந்தவர். ரேவதியின் பழைய தாள்களைப் படித்துவிட்டு மாத்திரை எழுதினார். கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே தினமும் சாப்பிட வேண்டும், தான் சொல்கிறவரை நிறுத்தக்கூடாது என்றார். கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நான் கடலுக்குப் போற நாள்ல இவ மறந்துருவாங்க. அத்தைகிட்டச் சொல்லி வைக்கறேன்" என்றார். ரேவதி, "வலையத் தவிர எல்லாத்தையும் மறக்கறது இவருதாங்க" என்றாள். அந்த அறையில் அவள் பேசிய முதல் வார்த்தை அது. அவர்கள் வெளியே போனதும் மருத்துவர் என்னிடம், "உங்க கூடவே வேலை பாக்கறவங்க பொண்ணு. ரெண்டு வருசமா என்ன பண்ணிகிட்டு இருந்தீங்க?" என்று கேட்டார். 

ஒன்றரை வருடம் கழித்து ரேவதிக்குப் பெண் குழந்தை பிறந்தது. சேதி கேட்ட அன்றே மண்டபத்தூர் போனேன். அஞ்சுகம் அக்கா குழந்தையை என் மடியில் கொடுத்தார். நான் என்னையறியாமல் உச்சந்தலையைத் தடவி, கழுத்திலிருந்து இடுப்புவரை முதுகெலும்பை ஒரு விரலால் தொட்டுக்கொண்டே போனேன்.

"டாக்டரம்மா" என்றார் அக்கா. "அது எலி இல்லீங்க."

ரேவதி சிரித்தாள். நானும் சிரித்துக்கொண்டே கையை எடுத்தேன். அவள் குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போனதும் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனக்காதீங்க. அந்த மாத்திரையாலதான் நல்லா பொறந்துச்சா? இல்ல, சாப்புடலன்னாலும் இப்படித்தான் பொறந்திருக்குமா?"

ஆமாம், மாத்திரையால்தான் என்று சொல்லிவிட வாய்வரை வந்தது. அவருக்கும் சந்தோஷமாக இருக்கும். எனக்கோ சொல்ல முடியாத சந்தோஷம். ஆனால் இத்தனை வருடமாக எடை நோட்டில் ஒரு பொய் எழுதாத மனிதரிடம் அதைச் சொல்ல முடியவில்லை.

"தெரியாதுக்கா. சாப்புட்டா ஆபத்து கொறையும்னு தெரியும். இந்தப் புள்ளைக்கு அதுதான் காரணமான்னு சொல்ல முடியாது. ஒரு புள்ளைய வச்சுச் சொல்ல முடியாது."

"எத்தன புள்ள வேணும் அதச் சொல்ல?"

"ரொம்ப நெறைய வேணும்க்கா. ஆயிரக்கணக்குல."

அவர் உள்ளே திரும்பிப் பார்த்தார். ரேவதி குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அது உங்க வேல, நீங்க பாருங்க" என்றார். "எங்களுக்கு இது ஒண்ணு போதுங்க."